ரூபோ ஐயா கண்டுபுடிச்ச ராஜா

"ஒரு மத்தி குடு மியெத்தம்மா. ஒண்ணே ஒண்ணு."

மார்சேல் துறைமுகத்துல காலங்காத்தால ஒத்த மீன் கேட்டு நிக்கிற ஆளு எல்செயார் ரூபோ ஐயா ஒருத்தருதான். ஒத்த மத்திக்கு வெள்ளிக்காசை நீட்டுவாரு. மீதிக்கு வர்ற செப்புக்காசை ஒவ்வொண்ணா மூக்குக்கிட்ட கொண்டுபோயி மோந்து பாப்பாரு, நுனிநாக்கால நக்கியும் பாப்பாரு. "இது வேணாம், இதவிடப் பழசாக் குடு"ம்பாரு. எங்க ஊரு மண்ணைக் கிளறினா வெங்காயத்தைவிட ரோமாபுரிக் காசுதான் ஜாஸ்தி வரும். நாங்க அதையும் சில்லறையோட சில்லறையாத் தள்ளி விட்டுருவோம். அதைப் பொறுக்கிப் பொறுக்கியே அவரு வீட்டுல கால் வைக்க எடமில்லாமப் போச்சு. கட்டிலுக்கு அடியில காசு, சூப்புச் சட்டிக்குள்ள காசு.

"ஐயா, இந்த மத்தி உங்களுக்கா, பூனைக்கா?"

"பூனைக்கு. தலையை அது எனக்குக் குடுத்துரும்."

மீன்காரி மியெத் சிரிச்சா துறைமுகத்துல நிக்கிற கப்பலெல்லாம் ஒரு ஆட்டம் ஆடும். எவன் வாய்க்கும் அஞ்சாத பொம்பள, காசுக்கு மட்டும் பயம். கொள்ளைநோய் வந்து ஊர்ல பாதிப் பேரை வாரிக்கிட்டுப் போனப்போ, காசைத் தொட்டாலே ஒட்டிக்கும்னு எல்லா யாவாரியும் காடிச் சட்டி வெச்சிருந்தாங்க. ஒயின் புளிச்ச காடி. காசை அதுல போட்டுத்தான் எடுப்பாங்க. நோய் போயி இருபது வருஷமாச்சு, மத்தவங்க சட்டியை ஒடைச்சுப் போட்டாச்சு. மியெத் மட்டும் விடல. அவ காடியில ஒரு கழுதையை முக்குனா எலும்புதான் மிஞ்சும். ஊறின காசை மணல் போட்டு வேற தேய்ப்பா.

ரூபோ ஐயாவுக்கு ஒரு ராஜா உண்டு. எப்பவும் பையிலயே வெச்சிருக்கிற, பச்சைக் களிம்பு ஏறின ஒரு பெரிய செப்புக்காசு, அதுல ஒரு தாடிக்காரன் தலை. களிம்புக்கு நடுவுல எழுத்து மூணோ நாலோ தெரிஞ்சுது. அதை வெச்சு, ரோமாபுரிக்காரன் வர்றதுக்கு முன்னால இந்தத் துறைமுகத்தை சோசிமோஸ்னு ஒருத்தன் ஆண்டான்னு கண்டுபுடிச்சாரு. எவனும் கேள்விப்படாத ராஜா. அவனுக்கு அப்பன், ரெண்டு பொண்டாட்டி, ஒரு போரு, கடைசியில சாகுறதுக்கு ஒரு காய்ச்சல், எல்லாம் இவரே ஏற்பாடு பண்ணினாரு. அப்பா விட்டுட்டுப் போன ஆலிவ் தோப்பை வித்துப் புத்தகமாவும் போட்டாரு. பாரிஸ்ல இருக்கிற அறிஞர் சபையில ஒரு நாற்காலி வேணும், அவ்வளவுதான் அவரு ஆசை. தலைமுடி போயி பொய்முடி வந்து, அந்தப் பொய்முடியும் கொட்டுற வரைக்கும் காத்திருந்தாரு.

ஒருவழியா அந்தச் சபையிலேர்ந்து வெர்தியே பாதிரியார் காசைப் பாக்க வர்றதாச் சேதி வந்துச்சு. பாத்துட்டுத் தலையாட்டினாப் போதும், நாற்காலி இவருக்கு.

பாதிரியார் வர்ற அன்னைக்கு ரூபோ ஐயா வாழ்க்கையில மொத தடவையா தனக்குன்னு ஒரு மீன் வாங்கினாரு. பெரிய மடவை. பைக்குள்ள இருந்ததைப் பாக்காமலே அள்ளிக் காடிச் சட்டியில போட்டுட்டு, வானத்தைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போனாரு.

வெயில் சாயத் தொடங்கினப்போ ஓடி வந்தாரு பாருங்க, பொய்முடி இல்ல, ஒரு கால்ல செருப்பு இல்ல.

"மியெத்தம்மா! என் ராஜா!"

"எந்த ராஜா?"

"பச்சையா! பெருசா! தாடி!"

"அதுவா? எவனோ பாசி புடிச்ச காசைக் குடுத்து ஏமாத்திட்டான்னு நெனச்சேன். எப்படித் தேய்ச்சிருக்கேன் பாருங்க, மூஞ்சி பாக்கலாம்."

வாங்கிப் பாத்தாரு. களிம்பு போன எடத்துல எழுத்து வரிசையா, பல்லு மாதிரி நின்னுச்சு. ஹாட்ரியன். ரோமாபுரிச் சக்கரவர்த்தி. ரூபோ ஐயா கட்டிலுக்கு அடியில அந்த ஆளு ஒரு மூட்டை கெடக்குறாரு.

மியெத்துக்கு எழுத்து தெரியாது, மூஞ்சி தெரியும். கொள்ளைநோய் காலத்துல பொணத்தைத் தூக்கிட்டுப் போனவங்க மூஞ்சியைப் பாத்தவ. மெதுவாக் கேட்டா, "நான் கெடுத்துட்டேனா ஐயா?"

"நீ கெடுக்கல. அது ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கு."

"கடல்ல விழுந்துருச்சுன்னு சொல்லிருவோம். நான் மாதா மேல சத்தியம் பண்றேன். அழவும் செய்றேன், எவ்வளவு வேணும்?"

அவரு பதில் சொல்றதுக்குள்ள கறுப்பு அங்கியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மீன் தண்ணியில கால் படாம, கொக்கு மாதிரி வந்துட்டாரு வெர்தியே பாதிரியார். வீட்டுல ஆளில்லன்னதும் விசாரிச்சு வந்திருக்காரு.

"ரூபோ ஐயா! எங்க உங்க ராஜா? பாரிஸ் மொத்தமும் காத்திருக்கு!"

"அதை ஒரு கடல்காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு சாமி!"ன்னு மியெத் ஆரம்பிச்சா. "இம்மாம் பெரிய காக்கா, அப்படியே ஒரு கன்னுக்குட்டி ஒசரம்..."

ரூபோ ஐயா கையை விரிச்சாரு. காசு உள்ளங்கையில கெடந்துச்சு. வெயிலை அவரு முதுகு மறைச்சிருந்ததால அது இருட்டாத்தான் தெரிஞ்சுது. பாதிரியார் கண்ணாடியை வெச்சுக்கிட்டு, மூக்கு காசுல முட்டுற அளவுக்குக் குனிஞ்சாரு.

"ஆகா, தாடி! என்ன ராஜகளை! எழுத்துதான் சரியாப் புடிபடல, நிழலா இருக்கு. பரவாயில்ல, உங்க வாக்கே போதும். நான் இப்பவே சபைக்கு எழுதிர்றேன்."

மியெத் ரூபோ ஐயா முழங்கையைக் கிள்ளினா. சும்மா இருங்கன்னு கண்ணாலயே கெஞ்சினா.

ரூபோ ஐயா, நீட்டின கையை எடுக்காம, ஒரு எட்டு பக்கத்துல தள்ளி நின்னாரு. வெயில் நேரா காசு மேல விழுந்துச்சு.