சித்தப்பாவா, மாமாவா?

எங்கள் பேருந்து நிலையத்தில் மைக் அக்காவின் குரல் கேட்காமல் ஒரு வண்டிகூடக் கிளம்பாது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "ஏழாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று தேன் ஒழுகச் சொல்வாள். மைக்கை அணைத்ததும் அதே வாய், "யோவ், டீயா இது? பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கும். எதிர்க்கடை என்னுடையது. பதினொரு வருடமாகத் திட்டு வாங்குகிறேன், அதே டீயைத்தான் போடுகிறேன்.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெண் குழந்தைகளைக் கூட்டிப்போய் விற்கும் பாவிகள் எங்கள் நிலையம் வழியாகத்தான் போகிறார்கள் என்று ஒருநாள் பெண் போலீஸ் ஒருவர் வந்து சொன்னார். அன்றைக்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். ஆட்டோக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, நான். தலைமை, கேட்க வேண்டுமா, மைக் அக்காதான். சந்தேகம் வந்தால் அவள், "பச்சைக் குடை ஒன்று கிடைத்திருக்கிறது" என்று நடைமேடை எண்ணோடு அறிவிப்பாள். நாங்கள் ஓடிப்போய் ஆளை மறித்து நின்று போலீஸுக்குச் சொல்ல வேண்டும். கை மட்டும் வைக்கக் கூடாது.

முதல் குடையிலேயே மானம் போயிற்று. அழுகிற பெண்ணை இழுத்துக்கொண்டு போன ஆளைச் சுற்றி வளைத்தோம். நான் ஆர்வக்கோளாறில் சட்டையைப் பிடித்துவிட்டேன். பார்த்தால் பெற்ற அப்பன்! கணக்குப் பரீட்சைக்குப் பயந்து மகள் அழுதிருக்கிறாள். அவர் மேலதிகாரி வரைக்கும் போய்க் கத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று அக்காவுக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று வயிறு. அப்புறம் ஆறு மாதம் குடையும் இல்லை, ஒன்றும் இல்லை.

போன வாரம் மத்தியானம் அவளுக்கு டீ கொண்டுபோனேன். ஜன்னலில் ஒருவன் நின்று எல்லைப் பக்கம் போகிற வண்டியை விசாரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண். காலில் புதுச்செருப்பு, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"பொண்ணு யாருங்க?" என்றாள் அக்கா, சும்மா பேச்சுக்கு.

"கூடப் பொறந்த அக்கா பொண்ணுங்க. லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பத்து நிமிஷத்துல வண்டி. மூணாவது நடைமேடை."

அவன் திரும்பினான். அந்தப் பெண் மெதுவாக, "சித்தப்பா, தண்ணி வேணும்" என்றது.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அக்காவுக்குத்தான் பாம்புக் காது ஆயிற்றே! "அக்கா பொண்ணுன்னா மாமான்னுதானே கூப்பிடணும்? சித்தப்பா எங்கேருந்து வந்தான்?" என்று என்னை முறைத்தாள். அதானே! அம்மாவின் தம்பியை எந்தக் குழந்தை சித்தப்பா என்று கூப்பிடும்? மாமா என்ற சொல்லுக்கு நாட்டில் இன்னொரு பொருளும் உண்டு. அதற்குப் பயந்துதான் அந்தப் படுபாவி அதைத் தவிர்த்தானோ என்னவோ.

"அக்கா, வேலை போயிடும்..." என்று இழுத்தேன்.

"வேலை போனா வேற தேடிக்கலாம். பொண்ணு போயிட்டா எங்கே போய்த் தேடுறது?" என்று மைக்கைத் தட்டினாள். பச்சைக் குடை நிலையம் முழுக்க ஒலித்தது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

ஆட்டோக்காரர்கள் பேருந்தின் படியை மறித்து நின்றார்கள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்கா மூச்சிரைக்க வந்து, "தம்பி, உங்க அக்கா பேரு என்ன?" என்றாள். ஒரு பெயர் சொன்னான். "உங்க அம்மா பேரு என்ன கண்ணு?" என்று பெண்ணைக் கேட்டாள். அது வேறொரு பெயர் சொன்னது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

துணிக்கடையில் வேலை என்று சொல்லிக் கூட்டிவந்தானாம். யார் கேட்டாலும் தன்னைச் சித்தப்பா என்று சொல்லப் பழக்கியிருக்கிறான். சொல்லிக்கொடுத்தவனே மறந்துவிட்டான், முட்டாள். பெண்ணின் அம்மாவுக்குத் தகவல் போய், அவளும் கிளம்பிவிட்டாள். அதுவரைக்கும் பெண் போலீஸோடு அக்காவின் அறையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. என் டீயை முகம் சுளிக்காமல் குடித்தது, தங்கம்.

குடித்து முடித்து, "உங்களை நான் என்னன்னு கூப்பிடணும்?" என்று பயந்துகொண்டே அக்காவைக் கேட்டது.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

"இங்கே யாரும் சொல்லித் தர மாட்டாங்க கண்ணு. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடு."

அது வாசலை எட்டிப் பார்த்தது.

"அம்மா வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றது.