சாயம் விடாத நூல்

வெரோனா நூலைப் பல்லால்தான் கடிப்பாள். கத்தரிக்கோல் சுவரில் ஆணியில் தொங்கும், அதைத் தொடமாட்டாள். இடது கையில் இறைச்சித் துண்டு, வலது கையில் நூல். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, ஒரு கடி. பிறகு கொதிக்கிற முட்டைக்கோஸ் பானைக்குள் தொப்பென்று ஒரு சத்தம். "பாலோ இறங்கியாச்சு," என்பாள். அடுத்த துண்டு. "யானோ இறங்கியாச்சு." சுரங்க வாயில் கூண்டருகே நிற்கிறவன் ஆட்களை உள்ளே அனுப்பும்போது சொல்வதும் இதே சொல்தான். அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொல்கிறாள்.

பென்சில்வேனியாவின் இந்தக் கரிமேட்டில் எல்லா வீடும் ஒரே சிவப்பு, எல்லாச் சிவப்பும் கரித்தூள் படிந்து ஒரே கறுப்பு. வெரோனாவின் வீட்டில் எந்தக் கட்டிலும் குளிர்ந்து கிடந்ததில்லை. பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் இரவு வேலைக்காரன் அதே சூட்டில் வந்து விழுவான். காசு கொடுத்துத் தங்கும் ஆட்கள் எல்லாரும் கடல் தாண்டி வந்த ஷாரிஷ் சீமைக்காரர்கள், பாதிப்பேர் பக்கத்துப் பக்கத்து ஊர். இறைச்சியை அவரவர் வாங்கி வந்து கொடுப்பார்கள். பானை ஒன்று, அடுப்பு ஒன்று. கொழுப்பு நிறைந்த துண்டு யாருடையது, வெறும் எலும்பு யாருடையது என்று கொதிக்கிற பானையில் யார் கண்டது? அதற்குத்தான் நூல். பாலோவுக்கு நீலம், யானோவுக்குப் பச்சை, மிஹாலுக்கு மஞ்சள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு நிறம். வீட்டுக்காரர்களான வெரோனாவும் அவள் புருஷன் மாத்தூஷும் தின்பதற்கு மட்டும் நூல் கிடையாது. அவள் அதையும் உட்கார்ந்து தின்றதில்லை. எல்லாரும் முடித்தபின் அடுப்போரம் நின்றபடியே விழுங்கிவிட்டு பாத்திரம் தேய்க்கப் போவாள்.

முதலில் கம்பெனிக் கடை நூலைத்தான் வாங்கினாள். அது ஒரு கொதிக்கே சாயத்தைக் கக்கிவிட்டது. சூப் நீலமாயிற்று, நூல் எல்லாம் வெள்ளையாயிற்று, ஒரு தொடைத் துண்டுக்காகப் பாலோவும் யானோவும் மேசைக்கு மேலே கத்தியை நீட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே தேவாலயத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். மறுநாள் வெரோனா தன் மரப்பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு அவளே பூவேலை செய்த, இடுப்பில் கட்டும் முன்துணியை எடுத்தாள். அதன் ஓரத்தில் வரிசையாகப் பல நிறக் குருவிகள். ஒரு குருவியின் வாலைப் பிரித்தாள். அந்த நூல் எவ்வளவு கொதித்தாலும் சாயம் விடவில்லை.

ஒரு குருவியோடு நிற்கும் என்று நினைத்தாள். நூல் இற்றுப்போகும், அறுந்துபோகும், சில சமயம் பசியில் அதையும் சேர்த்துத் தின்றுவிடுவார்கள். வருஷக்கணக்கில் குருவிகள் எல்லாம் பானைக்குள் போயின. பிறகு இலைகள், பிறகு கொடி. "அக்கா, இன்னைக்கு என் கறியில கட்டினது குருவியா, கொடியா?" என்று பாலோ கேட்பான். "உன் நாக்கு. அதைத்தான் பிரிச்சுக் கட்டினேன். எவ்வளவு கொதிச்சாலும் அடங்கமாட்டேங்குது," என்பாள் இவள். மேசையே சிரிக்கும். ஆனால் நடுவில் இருந்த பெரிய சிவப்பு ரோஜாவை மட்டும் அவள் தொட்டதில்லை. அது ஊர் திரும்பும் நாளுக்கு. ஊரில் விட்டுவந்த இல்காவின் முதல் நற்கருணை அன்று, ரோஜா தெரிய முன்துணியைக் கட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நடந்து போக வேண்டும். அடுப்பில் சூப் கொதிக்கும்போதெல்லாம் அவள் மனசுக்குள் அந்த நடையை நடந்து பார்ப்பாள். அமெரிக்காவில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை அதுதான்.

இல்கா அவளுடைய ஒரே மகள். மாத்தூஷ் முதலில் தனியாகத்தான் வந்தான். அப்பன் வயல் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து பிரிந்து, ஏரைத் திருப்ப வேண்டுமென்றால் பக்கத்து வயலில் கால் வைத்தாக வேண்டும் என்ற நிலைமை. அந்தப் பக்கத்து வயலை வாங்கத்தான் கடல் தாண்டினான். மூன்று வருஷம் என்றான். தெருவில் அத்தனை பேரும் அதையேதான் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு, ஆட்களைத் தங்கவைத்தால் சீக்கிரம் சேர்க்கலாம், அதற்கு ஒரு பெண்கை வேண்டும் என்று வெரோனாவைக் கூப்பிட்டான். கட்டிலுக்கு இரண்டு ஆண்கள் படுக்கிற வீட்டில் கைக்குழந்தைக்கு ஏது இடம்? தங்கை போராவின் மடியில் குழந்தையை வைத்துவிட்டு வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பாமல் வந்ததற்காக இன்றைக்கும் தன்னைத் தானே சபித்துக்கொள்கிறாள்.

போராடிப் போராடிச் சேர்த்தது ஒரு பக்கம். எல்லாரும் அமெரிக்கக் காசை அனுப்ப அனுப்ப ஊரில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது இன்னொரு பக்கம். நிலம் வாங்கவென்று வந்தவர்களே நிலத்தை எட்டாத உயரத்தில் ஏற்றிவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது!

இங்கேயும் இவர்கள் வந்தது சும்மா இல்லை. பக்கத்து வீட்டு ஹெஃபர்னன் அம்மாள் ஐரிஷ்காரி. அவள் புருஷனும் பிள்ளைகளும் வேலைநிறுத்தத்தில் நின்ற மாதத்தில்தான் கம்பெனி இவர்களை ரயில் ரயிலாகக் கொண்டுவந்து இறக்கியது. வேலைநிறுத்தம் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் பாஷை புரிந்திருக்காது. கூலி குறைந்தது. ஐரிஷ் பிள்ளைகள் மேற்கே போய்விட்டார்கள், திரும்பவில்லை. "நீங்க வந்தீங்க, என் பசங்க போனாங்க," என்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவள் சொன்னபோது வெரோனா துணி காயப்போடுவதை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். போன வருஷம் இத்தாலிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். "அரைக் கூலிக்கு வந்து நம்ம வயித்துல அடிக்கறானுங்க," என்று மாத்தூஷ் முற்றத்தில் நின்று கத்தினான். வேலிக்கு அந்தப்பக்கம் ஹெஃபர்னன் அம்மாள் இருமல் வரும்வரை சிரித்தாள்.

இந்த வசந்தத்தில் ஊரிலிருந்து புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். பூட்ஸைக் கழற்றுமுன் அவன் சொன்ன முதல் செய்தி, அந்தப் பக்கத்து வயல் விற்றுப்போயிற்று என்பதுதான். வாங்கினவனும் அமெரிக்காவில் சம்பாதித்தவன்தான். மாத்தூஷ் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் வெரோனா நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இல்காவுக்குக் கப்பல் சீட்டு அனுப்பிட்டேன்."

"என்னங்க சொல்றீங்க? நாமதானே போறதா இருந்தோம்?"

"போய் எதை உழப்போறே? அந்த ரெண்டு முழத்தையா? இனி இங்கதான் வெரோனா. புள்ளை வந்துடும். அதுதானே உனக்கு வேணும்?"

அதுதான் வேணும். அதனால் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. மகள் வருகிறாள் என்று சந்தோஷப்பட வேண்டும், ஊர் போயிற்று என்று அழ வேண்டும். இரண்டுக்கும் நேரமில்லை, இரவு வேலைக்காரர்கள் சாப்பிட வரும் நேரம்.

பக்கத்துக் குடியிருப்புக்குப் புருஷனைத் தேடி வந்த ஒரு பெண்ணோடு இல்கா ரயிலில் வந்து இறங்கினாள். ஒன்பது வயது, காதுவரை இழுத்துக் கட்டிய தலைத்துணி. கோட்டுப் பொத்தானில் ஒரு அட்டை, கப்பலில் கட்டிவிட்டது, பேரும் ஊரும் எழுதியது. வெரோனா நடைமேடையிலேயே மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள். குழந்தை கையைத் தொங்கவிட்டபடி பொறுமையாக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை அவிழ்க்கப் போனாள். சின்னக் கை வந்து தடுத்தது.

"வேணாம் பெரியம்மா. கழட்டினா யாரோடதுன்னு தெரியாம திருப்பி அனுப்பிடுவாங்க. கப்பல்ல சொன்னாங்க."

"நான் பெரியம்மா இல்லடி கண்ணு. நான் யாருன்னு போரா சொல்லலையா?"

"சொன்னாங்களே. நீங்கதான் என்னைப் பெத்தவங்கன்னு அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க."

வெரோனா அடுப்பைக் கிளறப் போய்விட்டாள். கிளறத் தேவையில்லாத அடுப்பு.

அன்று மேசையில் ஆண்கள் எல்லாரும் முகம் கழுவி, கொஞ்சம் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். வெரோனா கரண்டியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து நிறம் பார்த்து வைத்தாள். இல்காவின் தட்டில் நல்ல கொழுப்புத் துண்டு ஒன்று. குழந்தை அதைத் திருப்பிப் பார்த்தது. இந்தப் பக்கம் பாலோவின் தட்டைப் பார்த்தது, அந்தப் பக்கம் மிஹாலின் தட்டைப் பார்த்தது.

"பெரியம்மா, எனக்கு எந்த நிறம்?"

"உனக்கு நூல் வேண்டாம். நூல் இல்லாதது வீட்டுக்காரங்களோடது. நீ வீட்டுப் பொண்ணு."

"அப்ப இது யாரோடதுன்னே தெரியாதே," என்று இல்கா தட்டைத் தள்ளிவைத்தாள். ரொட்டியை மட்டும் தின்றாள்.

"என் நீலத்தை எடுத்துக்கோ பாப்பா," என்றான் பாலோ.

"அது உங்களோடது மாமா."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மாத்தூஷ் ஒருமுறை மேசையைத் தட்டி அதட்டினான். குழந்தை அழவில்லை, கோட்டு அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கோட்டைக் கழற்றாமலேதான் தூங்கியது. ஆண்கள் கிண்டலை நிறுத்திவிட்டார்கள். அவர்களும் அப்படி அட்டை தொங்கவிட்டு வந்தவர்கள்தானே. வெரோனா கடைக்குப் போய் நல்ல ரோஜா நிற நூலாகப் பார்த்து வாங்கி வந்தாள். பானையிலிருந்து அது வெளுத்துப்போய் வந்தது. இல்கா விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். "இது அழிஞ்சுபோச்சு பெரியம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வெரோனாவுக்குத் தாங்கவில்லை. பிள்ளையின் கன்னம் வேறு நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஆண்கள் முற்றத்தில் தொட்டித் தண்ணீரில் கரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதுகைக் கழுவினால் பலம் போய்விடும் என்று யானோ வழக்கம்போல முதுகை விட்டுவிட்டுக் கழுவினான். பானை கொதி வந்திருந்தது. எல்லாரும் இறங்கியாகிவிட்டது. வெரோனா மரப்பெட்டியைத் திறந்து முன்துணியை எடுத்துவந்து மடியில் விரித்தாள். குருவி இல்லை, கொடி இல்லை. அவை இருந்த இடமெல்லாம் ஊசித் துளைகள். நடுவில் ரோஜா மட்டும் புதுசு மாதிரி இருந்தது. ஒரு இதழின் முனையை நகத்தால் நெம்பினாள். நூல் மளமளவென்று வந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி இதழ்வரை இழுத்தாள்.

இல்கா அடுப்போரம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெரோனா ஒரு துண்டு இறைச்சியை எடுத்தாள். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, ஒரு கடி. "இல்கா இறங்கியாச்சு," என்றாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து அதே சிவப்பில் கட்டினாள்.

"ரெண்டாவது யாருக்கு பெரியம்மா?"

"எனக்கு."

"நீங்க வீட்டுக்காரங்க இல்லையா?"

வெரோனா நூலைக் கடித்துத் துண்டைப் பானைக்குள் விட்டாள். "நானும் வந்து தங்கினவதான்டி," என்றாள்.

சூப் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்றது. பிடிதுணி எங்கேயோ கிடந்தது. அவள் அதைத் தேடவில்லை. மடியில் கிடந்த முன்துணியை நாலாக மடித்து, பானையின் கரிபிடித்த காதுகளில் சுற்றிப் பிடித்து, இறக்கி வைத்தாள்.