வேலிக்கு அந்தப் பக்கம் பூத்த சங்குப்பூ

காஜா அக்காவுக்கு அந்தப் பெயர் தையற்கடையில் வந்தது. சட்டைக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொறாமைப்படுவதிலும் அப்படித்தான். அவள் விட்ட பெருமூச்சில் அடைமழையிலும் கொடியில் துணி காய்ந்தது. நம்பாதவர்கள் போகலாம், காய்ந்த துணியை மடித்து வைத்ததே நான்தான்.

அக்காவின் கணவரும் அவர் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது நடுவில் கம்பிவேலி வந்தது. வெயில் முழுக்கத் தம்பி பக்கம், அதாவது தம்பி மனைவியான ஓர்ப்படி பக்கம் போயிற்று. அக்கா பக்கம் மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல். அங்கே ரோஜா பூத்துத் தள்ள, இங்கே வேலி மொட்டைக் கம்பியாக நின்றது. அக்காவின் கணவர் தினமும் காலையில் டீயும் கையுமாக அந்தப் பக்கமே பார்ப்பார்.

"என்னமா வச்சிருக்கா பாரு!"

அக்காவுக்கு வயிறு எரியும். அவர் கண்ணை இந்தப் பக்கம் திருப்ப, எப்பாடுபட்டாவது வேலியைச் செடியால் மூடியாக வேண்டும்.

நாற்றுக்கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "வெயில் வருமா அக்கா?"

நிழல் என்றால் மட்டமான பாதி தனக்கு வந்ததை ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா?

"நாள் பூரா வெயில்தான். மண்டையைப் பிளக்கும்!"

அவர் கொடுத்த முல்லை வெளுத்துச் செத்தது. சங்குப்பூ மட்டும் பிழைத்தது. அக்கா ஊற்றிய தண்ணீரைக் குடித்து, அக்கா போட்ட எருவைத் தின்று, வேலியேறிக் குதித்து, அந்தப் பக்கம் போய் நீலநீலமாகப் பூத்தது.

"அட, இப்ப சங்குப்பூவும் வச்சுட்டாளா!" என்றார் கணவர்.

அன்று அக்கா பதினோரு சட்டைகளுக்குக் காஜாவைப் பக்கம் மாற்றி எடுத்தாள்.

மறுநாள் நாற்றுக்கடையில் தலையைக் குனிந்துகொண்டு, "நிழல்தாங்க," என்றாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் வேலிமேல் ஏற்ற மணிபிளாண்ட்டும் அடியில் வைக்க நிழலில் தழைக்கும் பெரணிச் செடியும் கொடுத்தார். அடுத்த கோடைக்குள் கம்பி கண்ணுக்கே தெரியவில்லை.

ஒரு நடுப்பகலில் ஓர்ப்படி நாற்காலியோடு அக்கா பக்கம் வந்து உட்கார்ந்தாள். கண் இலைகளை விட்டு அகலவில்லை.

"உங்க பக்கம் மட்டும் எப்படிக்கா இவ்வளவு குளுகுளுன்னு இருக்கு? இதுல ஒரு தண்டு குடுங்களேன்."

"நிழல்லதான் வரும். உன் பக்கம் வெயில் அடிக்குமேடி?"

"எங்கேக்கா அடிக்குது? நாள் பூரா நிழல்தான்!"

அக்கா இருப்பதிலேயே நீளமான தண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். அன்று எடுத்த காஜாவில் ஒன்றுகூடக் கோணவில்லை.