நாலு நொடி ஓடிய கம்ப்யூட்டர்

விஜயதசமி அன்று காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நாலு நொடி ஓடி நின்றது. மாமனார் பட்டனை அமுக்கினார். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, மானிட்டரில் ஏதாவது வருவதற்குள் எல்லாம் அணைந்துபோனது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே நாலு நொடி. சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழெட்டுத் தடவை இருக்கும்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் தொடாமல் வைத்திருந்தோம். விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து அதை ஆன் செய்து ஒரு வரியாவது அடித்துவிட வேண்டும் அவருக்கு. வயது எண்பத்து நாலு. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கடிதம் எழுதி எழுதியே ரிடையர் ஆனவர். ரிடையர் ஆன பிறகும் விடவில்லை. லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாவிட்டாலும், தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், யாருக்காவது பென்ஷன் நின்றுபோனாலும் மனு எழுதுவது அவர்தான். மேஷோமொஷாய், அதாவது பெரியப்பா, எழுதினால் ஆபீசிலிருந்து பதில் வரும் என்று வங்காளிக் குடித்தனக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அது உண்மையா என்று நான் விசாரித்ததில்லை.

ஆறு வருடமாக அவருடைய வலது கை நடுங்குகிறது. பேனா பிடித்தால் கோழி கிளறினது போல இருக்கும். அந்தப் பழைய கீபோர்டில் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி ஒரு பக்கம் அடித்துவிடுவார். என் ஆபீஸ் லாப்டாப்பைக் கொடுத்துப் பார்த்தேன். அதில் விரல் பட்டாலே எழுத்து விழுகிறது. இவர் விரல் நடுங்கினால் ஒரே எழுத்து எட்டுத் தடவை விழுந்தது. மூடி வைத்துவிட்டார். ஆக, அவர் கைக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று நான் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். கணவருக்குக் குவஹாத்தியில் போஸ்டிங். மாதத்துக்கு ஒருமுறை வருவார், பூஜைக்கும் வரவில்லை. கீழே துர்கா பூஜைப் பந்தலில் ஐந்து நாளாக மேளம். வருடம் முழுவதும் ஆபீசில் உழைத்துக் கிடைத்த லீவு அடுப்படியிலேயே கரைந்துகொண்டிருந்தது. எட்டாவது தடவை அந்த விசிறிச் சத்தம் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்தேன்.

“அமுக்கி அமுக்கியே அதைக் கொன்னுட்டீங்க மாமா. அந்தக் கையை வச்சுக்கிட்டு எதையும் நோண்டாதீங்கன்னா கேக்கறீங்களா?”

அந்தக் கை என்று சொன்னேன். ஆறு வருடத்தில் வீட்டில் யாரும் அதை அப்படிக் குறிப்பிட்டதில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். எனக்கு அள்ளிப் பார்க்கவும் தோன்றவில்லை, கடுகு கருகிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்து, மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் கணவர் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி வேறு சாக்கெட்டில் சொருகினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் வாங்கி மாற்றினேன். பெட்டியைத் திறந்து தூசி தட்டி, ரேம் என்கிற அந்தச் சின்ன அட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பட்டனை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் நாலு நொடி. ஜாதவ்பூரில் ஒரு மெக்கானிக் உண்டு, என் வயதுக்காரர். அவரைக் கூப்பிட்டால், “பௌதி, பூஜோர் போரே,” என்றார். அண்ணி, பூஜை முடிந்த பிறகு என்று அர்த்தம். இந்த ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் அப்பீல் கிடையாது. லட்சுமி பூஜையும் தாண்டித்தான் வருவேன் என்றார்.

மறுநாளிலிருந்து பிஜோயாவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். துர்கையைக் கரைத்த பிறகு பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு இனிப்புக் கொடுக்கும் வழக்கம். மாமனார் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வாதம் செய்வார். இந்த வருடம் வாயால் மட்டும் வாழ்த்தினார். கை துண்டுக்கு அடியிலேயே இருந்தது. மூன்றாம் மாடி அம்மாள் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு டப்பாவோடு வந்தார். அவருடைய கணவர் இறந்து ஒரு வருடமாகிறது, குடும்பப் பென்ஷன் இன்னும் வந்தபாடில்லை. ஒரு மனு வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது, அதைக் கெடுத்ததும் தன் கைதான் என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார் மாமனார். அந்த அம்மாளும் சிரித்தார். நான் தட்டில் சுண்டல் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த ஒரு வாரத்தில் அவர் ஒவ்வொன்றாக விட்டார். விசிறி சுவிட்சைப் போட என்னைக் கூப்பிட்டார். டிவி ரிமோட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார். காப்பி டம்ளரை நான் பிடித்துக்கொண்டால்தான் குடித்தார். கிழவருக்கு வீம்பு, என்னைப் பழி வாங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இருக்கிற வேலை போதாதா என்று எரிச்சல்கூட வந்தது. பிறகு ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்வரை, ஆறிப்போன காப்பியை எதிரில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்ததைப் பார்த்தேன். அது வீம்பு இல்லை. நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார்.

லட்சுமி பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். மாமனார் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வேறு பவர் சப்ளை மாட்டிப் பார்த்தார், உள்ளே இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரியை மாற்றினார், பலனில்லை. கடைசியில் முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு, அவை சொருகியிருந்த இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டார். விசிறி சுற்றியது. நாலு நொடி ஆயிற்று, பத்து நொடி ஆயிற்று, மானிட்டரில் படம் வந்தது.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு பௌதி. பட்டன்தான் உள்ளே போனா உடனே வெளியே வர மாட்டேங்குது. யாரோ அமுக்கிப் பிடிச்சிருக்காங்கன்னு நெனச்சு மெஷின் தானே அணைஞ்சுக்குது,” என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே முன்பக்க மூடியைக் கழற்றினார்.

பட்டனைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் கல் மாதிரி இறுகிப்போய் ஏதோ இருந்தது. சுரண்டினார். கீழே விரித்திருந்த செய்தித்தாளில் தூள்தூளாக உதிர்ந்தது. சந்தனம், குங்குமம்.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது நான்தான். கம்ப்யூட்டரின் முகத்தில் நட்ட நடுவில் வட்டமாக அந்தப் பட்டன், பொட்டு வைக்கவே செய்து வைத்தது போல இருக்கும். பதினோரு வருடமாக அதன்மேலேயே குழைத்துக் குழைத்து வைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய பெட்டியில் எனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பழி போட்டதும் நான், பாவம் செய்ததும் நான்.

“எத்தனை வருஷப் பூஜை பௌதி இது?” என்று மெக்கானிக் உரக்கச் சிரித்தார். பிறகு, சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போடக்கூடாது என்று அந்தத் தூளைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். துளசித் தொட்டியில் போட்டேன். பட்டன் இப்போது அமுக்கினால் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. போகும்போது பால்கனியைப் பார்த்து, சரியாகிவிட்டது மேஷோமொஷாய் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

“என்ன ஆயிருந்துச்சாம்?” என்று மாமனார் கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா, பழசாயிடுச்சாம்,” என்றேன். எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் சரி என்று தலையாட்டினார். கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஆபீசுக்குப் புடவை கட்டிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

“மாமா, அது கெட்டது உங்களால இல்ல. நான் வருஷா வருஷம் வச்ச பொட்டு காஞ்சு பட்டன் சிக்கிக்கிச்சு. நான்தான் காரணம். அன்னிக்கு நான் அப்படிப் பேசினது ரொம்பத் தப்பு.”

“தெரியும்மா,” என்றார். “அந்த ஆள் பேசினது பால்கனி வரைக்கும் கேட்டுச்சே.”

“தெரிஞ்சும் ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?”

“நீயே ஆபீஸ், வீடுன்னு களைச்சுப் போயிருக்க. இதை வேற கிளறணுமான்னு விட்டுட்டேன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு அவரை எழுப்பி, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தேன். “ஆன் பண்ணுங்க மாமா,” என்றேன்.

பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயே பண்ணிக் குடும்மா,” என்றார். “பட்டன் கெட்டது பொட்டாலதான், சரி. கை நடுங்கறது நிஜம்தானே.”

நான் அமுக்கினேன். மானிட்டர் வெளிச்சமானதும் மூன்றாம் மாடி அம்மாளின் பென்ஷன் மனுவை ஆரம்பித்தார். இடது கையின் ஒற்றை விரலால், பழக்கமில்லாமல், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். வலது கை மடியிலேயே கிடந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது முதல் வரியில் பாதிகூட ஆகியிருக்கவில்லை.