ஒயருக்குள் ஓடிய வெளிச்சம்

2010-ஆம் ஆண்டு, ஆயுத பூஜைக்கு அடுத்த திங்கட்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கோபத்தில் கொதிக்கக் கொதிக்கக் கிளம்பினேன். வண்டி என் மச்சானுடையது, பழையதாக வாங்கிய வெளிநாட்டு கார். அவர் வெளியூரில் வேலை பார்த்ததால் பராமரிப்பு என் பொறுப்பு. முந்தைய புதன்கிழமைதான் சிதம்பரத்தில் புதிதாகக் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் பேட்டரி மாற்றியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்த மச்சான் ஆசையாகப் பாட்டுப் போட்டால், ரேடியோ இல்லை, சிடி இல்லை, ஸ்பீக்கரில் ஒரு கரகரப்புகூட இல்லை. மெக்கானிக் கெடுத்துவிட்டார் என்று எங்கள் தெருவில் கார் வைத்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்.

மச்சானும் கூடவே வந்திருந்தார். கடையில் நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"நான் தப்பு பண்ணியிருந்தா புது செட்டே மாட்டித் தரேன் சார். மொதல்ல பாக்கலாம், வாங்க."

டிக்கியின் ஓரப் பலகையைக் கழற்றினார். "இதுல பாட்டு கம்பியில போவாது சார். கண்ணாடி மாதிரி ஒயர்ல வெளிச்சமா போவும். ரேடியோ, சிடி பெட்டி, ஆம்ப்ளிஃபயர்னு வட்டமா சுத்தி வரும். ஒரு எடத்துல நின்னா எல்லாமே அவுட்டு." துபாயில் இதே வேலை பார்த்தவராம்.

சிடி பெட்டியில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். அதன் முனையில் சிவப்பாக ஒரு ஒளிப்புள்ளி! பாட்டையே கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது. பெட்டியை விட்டுவிட்டு, பிளக்கில், வெளிச்சத்தை அப்படியே திருப்பிவிடும் கட்டைவிரல் அளவு வளையம் ஒன்றைச் செருகினார். ரேடியோ குபீரென்று பாடியது. கோபத்தை மறந்து கைதட்டிவிட்டேன்.

"பெட்டியிலதான் கோளாறு. பேட்டரி மாத்துனப்புறம் பாட்டு பாடவே இல்லியா சார்?"

நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன். "எழுதியே வெச்சிருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்துப் பெருமையாகப் புரட்டினேன். வியாழக்கிழமை: 'திருவதிகை கோயில். வழி முழுக்கப் பாட்டு.' டைரியை மூடப் பார்த்தேன். எட்டிப் பார்த்த மச்சான், சனிக்கிழமைப் பக்கத்தை எல்லோருக்கும் கேட்கப் படித்தார்: 'ஆயுத பூஜை. சிடி பெட்டியைக் கழற்றித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து மாட்டினேன்.'

"இன்னா மச்சான், பூஜையில ஒரு ஓட்டையகூட விடலியா?" என்று கிண்டலடித்தார்.

மெக்கானிக் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், வெளிச்சம் நுழையும் துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டியதும் எல்லாமே பாடின. அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். ஆனா ஒங்க தெருவுல சொன்னத மட்டும் மாத்திச் சொல்லிடுங்க. கடை புதுசு."

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் அந்தக் கடை வேணாங்க" என்றார். அவர் வீட்டுக்கு அடுத்த வாரம் மறுபடியும் போனேன். ஒருவர் பெயரைக் கெடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதை மீட்க எத்தனை வாசல் ஏற வேண்டியிருந்தது என்பதை, யார்மேலாவது குறை சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.