எந்த மரத்துப் பால்?

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி எங்கும் ஒட்டியிருக்காது. ஆனால் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும். துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் எடுக்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், மழை பெய்தாலும். கார் போய், புழுதி அடங்கிய பிறகுதான் மறுபடி ஏறலாம். காருக்கு மட்டும் சட்டம் இல்லை. கூலிக்காரன் ஒருவன் கார் வைத்திருப்பான் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் என் அப்பா.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டிரஸ்ஸர் மாற்றலாகிப் போனபோது, ஓடாத பழைய கறுப்புக் கார் ஒன்றை, எங்கள் பேச்சில் காடியை, மாமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். இரண்டு வருஷம் அது அங்கேயே நின்றது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. அப்பா எங்கள் இரண்டு ஆடுகளை டிரஸ்ஸருக்கு அனுப்பிவிட்டு அந்தக் காடியை எங்கள் கூலி வீட்டு வரிசையான லயத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆடாச்சும் குட்டி போடும், இது என்னத்தப் போடும்?" என்றாள்.

"இது ஓடும். நம்ம புள்ள பட்டணத்துக்குப் போயிப் படிக்கும்" என்றார் அப்பா.

அதுதான் விஷயம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்தால் எல்லாருக்கும் பால்வாளி காத்திருக்கும். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. தோட்டத்திலிருந்து அந்த இடத்தைப் பெற்ற முதல் பெண் நான். ஆனால் பட்டணம் பன்னிரண்டு மைல். செமிலிங் ஊரிலிருந்து வரும் பஸ், மெயின் ரோட்டைத் தொடும்போது பள்ளியில் முதல் பாடம் முடிந்திருக்கும். தங்கிப் படிக்க உறவு யாரும் அங்கே இல்லை. கார் ஓடினால் நான் படிப்பேன், ஓடாவிட்டால் இல்லை. பள்ளி திறக்க நான்கு மாதம் இருந்தது.

காரோடு சேர்ந்து அதன் புத்தகமும் வந்தது. இங்கிலீஷ் புத்தகம், கரையான் அரித்தது போக அறுபது எழுபது பக்கம். அப்பாவுக்குத் தமிழிலேயே கையெழுத்து மட்டும்தான் வரும். ஆகவே படிப்பவள் நான், செய்பவர் அவர். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாத சொற்களைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போய் வாத்தியாரிடம் கேட்பேன். அவருக்கும் தெரியாதபோது படத்தைப் பார்த்து நாங்களே முடிவு செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயமே எங்கள் வாசலில் கூடியது. அப்பா காருக்கு அடியில் படுத்திருப்பார். இரண்டு கால் மட்டும் தெரியும். நான் மேலே நின்று உரக்கப் படிப்பேன். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தோம். பாயிண்ட் இடைவெளிக்குப் புத்தகம் சொன்ன அளவை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தோம். பிறகு அப்பா சவர பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். கார்புரேட்டருக்குள் ஒரு குளவிக்கூடு இருந்தது. அதை ஒரு கோழி இறகால் தள்ளி எடுத்தது நான்தான். என் விரல் மட்டும்தான் உள்ளே போயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா வெற்றிலையை மென்றபடி சொல்வாள்: "பொட்டப்புள்ள கையெல்லாம் கிரீசு. இவளக் கட்டிக்கிறவன் வொர்க்‌ஷாப் வச்சிருக்கணும்லா."

"கட்டிக்கிறவன் காடி ஓட்டட்டும், நான் பின்னால உக்காந்து போறேன்" என்பேன். அப்படித்தான் பேசுவேன். எனக்கு வாய் நீளம். அதைவிடக் கர்வம் நீளம்.

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் அப்பாவுக்கு ஓட்டப் பழக்கினார். லைசென்சும் வந்துவிட்டது. ஆனால் செல்ஃப் மோட்டார் மட்டும் கடைசிவரை உயிர் பெறவில்லை. கம்பி போட்டுச் சுழற்றிக் கிளப்பலாமென்றால் அங்கேயும் பல் தேய்ந்திருந்தது. ஆகவே காரை லயத்து மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே கல் வைப்போம். கல்லை எடுத்தால் சரிவில் உருளும். உருளும்போது கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்த எஞ்சினை மறுபடி ஒரு மேடு வரும்வரை அணைக்கக் கூடாது. தோட்டத்துச் சாலையோ தட்டையான சாலை.

மிச்சமிருந்தது ஒன்றே. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் ஒழுகியது. புதுக் குழாய்க்குத் தூரத்து அலோர் ஸ்டார் நகரம் போக வேண்டும் என்றார்கள். உலகத்துக்கே ரப்பர் அனுப்பும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு சாண் ரப்பருக்கு என்ன செய்வது என்று அப்பா யோசித்தார். "மரத்துலதான் இருக்கே" என்றேன். பால் வடிய மரப்பட்டையில் போடும் வெட்டுக்கோட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரிக்கலாம். இழுத்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்பா தலையாட்டவில்லை. நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து மடியில் மறைத்து ஒரு கைப்பிடி கொண்டு வந்தார். சுற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அடுத்த ஞாயிறு கிராணி வந்தார். தோட்டத்து ஆபீசில் எங்கள் பெயர்களையும் பால் நிறையையும் எழுதுகிறவர். லயத்துப் பக்கம் வராதவர், வந்ததும் அம்மா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"என்னப்பா, காடி ஓடுதாம்ல? புள்ள இங்கிலீஷ் படிக்குதாம்ல? எங்க, படி பாப்போம்."

நான் ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். மூச்சு வாங்காமல், எல்லாரும் கேட்கும்படி. கிராணி தலையை ஆட்டி ரசித்தார். பிறகு எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தவர், குழாயில் சுற்றியிருந்ததை விரலால் அழுத்தினார்.

"இது எந்தக் கடையில வாங்குனது?"

அப்பா துண்டால் கையைத் துடைக்கத் தொடங்கினார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"கடையில வாங்கலீங்கய்யா. ஒட்டுப்பாலு. நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்."

"அப்படியா! எந்த மரத்துப் பாலு?"

"ஆத்தோரத் துண்டுங்கய்யா. அப்பா வெட்டுற மரம்."

கிராணி சிரித்தார். "கெட்டிக்காரி. ஒம் மவளுக்குப் பொய்யே வராதுலா" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். பிறகு அவரைத் தண்ணீர்க் குழாயடிப் பக்கம் அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். என் படிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். திரும்பி வந்த அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "புஸ்தகத்த உள்ள கொண்டு போயி வை" என்றார்.

பள்ளி திறக்கும் நாள். எட்டு மணிக்குள் பெயரைப் பதிய வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று கடிதத்தில் இருந்தது. அந்த வரியை நானே படித்து வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து எல்லாரும் மரத்துக்குப் போயிருந்தார்கள், அம்மாவும் போய்விட்டாள். அப்பா மட்டும் விடுப்பு எடுத்திருந்தார். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, என் வாழ்க்கையின் முதல் சப்பாத்து. கல்லை எடுத்தேன். ஓடிப்போய் ஏறினேன். எஞ்சின் ஒரே உதறலில் பிடித்தது. நான் கைதட்டினேன். அப்பா தட்டவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைக்கூடத்து வளைவில் துரையின் கார் எதிரே வந்தது.

சாலையில் இரண்டு லாரி போகலாம். அப்பா ஓரம் கட்டினார். சரி, வழி விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் கை சாவிக்குப் போயிற்று. நான்கு மாதம் அந்த எஞ்சினோடு இருந்தவள் நான்; தானாக நிற்கும் எஞ்சின் எப்படி இருமும், நிறுத்தப்படும் எஞ்சின் எப்படி அடங்கும் என்று தெரியும். சாவி திரும்பிய அந்தச் சின்னச் சத்தத்தை இப்போதும் கேட்க முடியும்.

அப்பா இறங்கினார். தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். துரையின் கார் எங்களைக் கடந்தது. துரை ஏதோ தாளைப் படித்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. முன்சீட்டில் இருந்த கிராணி மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்பா கதவுக் கட்டையில் தோள்கொடுத்தார். நான் பின்னால் தள்ளினேன். முதல் நாள் பெய்த மழையில் செம்மண் இளகியிருந்தது. என் சப்பாத்து புதைந்தது. கார் ஒரு சாண்கூட நகரவில்லை. உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை. எல்லாரும் மரங்களுக்குள் இருந்தார்கள்.

"நட. மெயின் ரோட்டுக்குப் போனா பஸ்ஸு வரும்."

"நீங்கதானே அணைச்சீங்க?"

"தானா நின்னுருச்சு."

"பொய்" என்றேன். அப்பாவை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் சப்பாத்தைக் கழற்றித் தன் துண்டால் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். என் பெயர்மேல் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. "அடுத்த வருஷம் வாங்க" என்றார், மரியாதையாகத்தான். என் பாவாடையின் விளிம்பிலிருந்து செம்மண் அவர்கள் சிமெண்டுத் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் மறைக்கப் பார்த்தேன்.

அந்த ஒரு வருஷம் நான் அம்மாவோடு பால்வெட்டுக்குப் போனேன். பால் வடியும் மங்குகளைத் துடைத்தேன், ஒட்டுப்பால் உரித்துச் சாக்கில் போட்டேன். அப்பாவோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவரைத் தோட்டத்திலேயே துணிந்த மனிதர் என்று நினைத்திருந்தேன். கையிலிருந்த தாளைவிட்டு நிமிராத துரைக்காக என் படிப்பை அணைத்துவிட்டார் என்று நினைத்தேன். மறு வருஷம் சித்தி கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்தாள். அவள் வீட்டில் தங்கிப் படித்தேன். என்னைவிட ஒரு வயது இளையவர்களோடு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதலாவதாக வந்தேன். சான்றிதழ்களை அம்மாவிடம்தான் காட்டினேன்.

ஆசிரியர் பயிற்சிக்குக் கடிதம் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, அது எனக்கு முன்பே தெரியும் என்பதுபோலச் சொன்னாள். குழாயடியில் கிராணி சொன்னது இதுதான்: தோட்டத்துப் பாலைத் திருடியதற்குச் சாட்சி உன் மகளே. ஆபீசில் ஒரு வரி எழுதினால் உன் பேரும் உன் பெண்டாட்டி பேரும் வெட்டுப்படும், லயத்தைக் காலி பண்ண வேண்டும். எழுதவில்லை. ஆனால் துரை வரும்போது உன் காடிச் சத்தம் அவர் காதில் விழக் கூடாது.

"ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றாள் அம்மா. "புள்ள இனிமே வாயத் தொறக்கப் பயப்படும்னாரு."

பள்ளியில் இடம் போன அன்றைய மாலை நினைவுக்கு வந்தது. அப்பா காரின் மூடியைத் திறந்தார். வெட்டுக்கத்தியால் அந்த ஒட்டுப்பால் நாடாவை ஒவ்வொரு சுற்றாக அறுத்து எடுத்து, அடுப்பங்கரைக்குப் பின்னால் போட்டு, ஒரு துண்டு மிச்சமில்லாமல் எரித்தார். கரும்புகை, லயமே நாறியது. குழாயிலிருந்த தண்ணீர் மண்ணில் ஒழுகித் தீர்ந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தான் செய்ததற்குக் காரைத் தண்டிக்கிறார் என்று நினைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.