மஞ்சள் சட்டை போட்ட டோலிக்காரர்கள்

நேற்று ஆடிக் கிருத்திகை. மலைப் படியில் எங்கள் ஆள் காலில் ஊரே விழுந்தது!

(சாமியார் யாரும் இல்லை. டோலி தூக்குகிற முனுசாமிதான்.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

திருத்தணி மலையடிவாரத்தில் எங்களுக்கு நான்கு டோலி. மூங்கில் கழியில் நாற்காலியைக் கட்டி, நடக்க முடியாதவர்களை மேலே கொண்டுபோய், தரிசனம் முடிந்ததும் கீழே இறக்கிவிடுவோம். வீட்டுக்காரருக்கு இடுப்பு போன பிறகு தொழிலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தொல்லை என்னவென்றால், மேலே போனதும் எங்கள் ஆட்கள் யார், அடுத்தவன் ஆட்கள் யார் என்று ஜனங்களுக்குத் தெரிவதில்லை.

பங்குனியில் அரக்கோணத்து அம்மா ஒருவர் தரிசனம் முடிந்து வேறு யார் டோலியிலோ ஏறிக் கீழே போய்விட்டார். எங்கள் ஆட்கள் சாயங்காலம் வரை வெயிலில் காத்துக் கிடந்தார்கள்!

போதும் சாமி என்று எல்லோருக்கும் யூனிபாரம் தைக்க முடிவு செய்தேன். போலீசுக்கு இருக்கிறது, போஸ்ட்மேனுக்கு இருக்கிறது, ரயில்வே போர்ட்டருக்கு இருக்கிறது. நாங்கள் மட்டும் என்ன குறைச்சல்?

யுத்தம் முடிந்தும் மில் துணி இன்னும் கண்ட்ரோலில்தான், கேட்ட அளவு கிடைக்காது. ஆகவே பள்ளிப்பட்டு நெசவுக்காரரிடம் போனேன்.

"சாயம் எங்கம்மா கீது? கப்பல்ல வந்தாத்தானே! மஞ்சள்ல வேணா முக்கித் தரேன்," என்றார்.

மஞ்சள் மங்களகரம். முருகனுக்கும் உகந்தது. தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். உடனே சரி என்றேன்! (என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

கடைத்தெரு தையல்கார பாய், கழி தோளை அறுக்காதபடி அந்த இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஆனி மாதம் போட ஆரம்பித்தார்கள். பிரமாதம்! 'மஞ்சள் சட்டைக்காரங்க' என்றே பெயர் வந்துவிட்டது.

சரி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் என்ன நிறம் உடுத்துவார்கள்?

உங்களுக்குத் தெரியும். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். துணிக்குச் சொன்ன அன்றைக்கு மட்டும் தெரியவில்லை!

நேற்று விடிந்ததும் பார்த்தால் மலை முழுக்க மஞ்சள்.

தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போது மணவூரிலிருந்து ராஜம்மாள் வந்தார். வயதானவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பர்மா யுத்தத்துக்குப் போன ஒரே மகன் உயிரோடு திரும்பினால் கிருத்திகையன்று சன்னதிக்கு வருகிறேன் என்று வேண்டுதல். மகன் திரும்பிவிட்டான். பூக்காவடியோடு பக்கத்திலேயே நின்றான்.

"அடுத்த ஆடிக்கு நான் இருப்பேனோ மாட்டேனோ. இன்னிக்கு எப்படியாவது பாத்துடணும்மா," என்றார்.

கூட்டம் அதிகம் என்பதால் நானும் கூடவே ஏறினேன்.

மகன் ஆசையாக டோலிக் கழியிலும் சாமந்திச் சரத்தைச் சுற்றிவிட்டு, காவடியோடு பின்னால் வந்தான். மஞ்சள் சட்டை, தோளில் கழி, கழியில் பூ. பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்?

"அரோகரா! காவடி வருது, வழி வுடுங்க!"

கூட்டம் தானாக விலகியது. எனக்கு ஒரே சந்தோஷம்!

அடுத்த திருப்பத்தில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். காவடிக்காரர்களுக்குச் செய்வது போலவே, முன்னால் தூக்கி வந்த முனுசாமி காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள்.

முனுசாமி உடனே டோலியைப் படியிலேயே இறக்கச் சொன்னான்.

"முனுசாமி, இன்னா ஆச்சு?"

"அக்கா, காலையில கருவாட்டுக் கொழம்பு துன்னுட்டு வந்துகீறேன்! காவடின்னு நெனச்சி கால்ல விழறாங்க. இந்தப் பாவம் என் புள்ளைங்கள சும்மா வுடுமா?"

சட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டான்.

காவடி எடுப்பவர்கள் நாள்கணக்கில் விரதமிருந்து மலையேறுவார்கள். இவனுக்கு மலையேறுவது தினசரி வேலை. சாப்பிட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் பயந்தவனிடம் நியாயம் பேச முடியுமா?

முன்னால் நிற்பவன் சட்டை போனதும் வழியும் போனது. ஒருத்தரும் நகரவில்லை. பின்னாலிருந்து நெருக்கிய நெருக்கில் நாற்காலியே சாயப் பார்த்தது. இனி கீழே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ராஜம்மாள் மேலே கோபுரத்தைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

முனுசாமியும் பார்த்தான். என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டான்.

"ஆனா உண்மைய சொல்லிகினேதான் வருவேன், ஆங்!"

சொன்னான்! படிக்குப் படி தொண்டை கிழியக் கத்தினான்!

"அம்மா, விழாதீங்க! நான் விரதம் இல்ல! கருவாடு துன்னவன்! பீடி குடிச்சவன்!"

கூட்டம் என்ன செய்தது தெரியுமா?

"ஆவேசம் வந்துடுச்சு! சாமி பேசுது!" என்று இன்னும் நாலு குடம் சேர்த்து ஊற்றினார்கள்!

ஒரு அம்மா, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறியே கேட்டுவிட்டார். (பதில்: "கருவாடு!")

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், அவனுக்கோ அழுகையே வந்துவிட்டது.

இப்படியாகச் சன்னதி வாசல் வரை போய்ச் சேர்ந்தோம். மகன் காவடியை இறக்கி வைத்துவிட்டு ராஜம்மாளை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். அவர் கண்குளிரப் பார்த்தார். வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். முனுசாமி குனிந்து கால் வைக்கும் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ராஜம்மாள் மெல்லச் சாய்ந்து, அந்த வலது கையால் அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவன் துள்ளி நகர்ந்தான்.

"ஐயோ, நீங்களுமாம்மா! வழியெல்லாம் கத்திகினு வந்தனே, உங்க காதுல விழலியா?"

"விழுந்துச்சு நைனா. எல்லாம் கேட்டுகினுதான் வந்தேன். தெரிஞ்சுதான் தொட்டேன்," என்றார்.

முனுசாமி குனிந்து கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

யூனிபாரம் நிறத்தை மாற்றிவிடலாம் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். இன்று காலை அவன் அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறான். சாயம் பாதி போய்விட்டது.

அவனிடம் போய்க் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?